குமிழி விட்ட நீச்சல்குள மோட்டார்

எங்கள் வீட்டு நீச்சல்குளத்து மோட்டார் ஓடியது. தண்ணீர்தான் வேகமாக வரவில்லை. குளத்துக்குத் தண்ணீர் திரும்பும் வாயில் குமிழி குமிழியாகக் காற்று. மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் குப்பை பிடிக்கும் வடிகூடையைத் திறந்தால் நாலு வேப்பிலை, ஒரு தவளைக்குஞ்சு. சுத்தம் செய்தும் பலனில்லை. மெக்கானிக் மோட்டாருக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரையே மாற்றச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை.

உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால், மோட்டார் ஓடும்போது தண்ணீர் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஓடவிட்டபடியே வடிகூடை மூடியைச் சுற்றிச் சவர நுரையைத் தடவினேன். ஓரிடத்தில் மட்டும் நுரை உள்ளே இழுபட்டுக் குழிந்தது. மூடியடியில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து, அங்கே நகக்கீறல் போல வெடித்திருந்தது.

புதியதற்கு சிலிக்கோன் கிரீஸ் பூசிப் போட்டேன். வாசலின் வேண்டாம், சில ரப்பர் உப்பிவிடும். அப்புறம் கூடை நிறையத் தண்ணீர் ஊற்றி மூடி, சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் கொரகொரத்தது. பிறகு மூடிக்குள் ஒரு குமிழிகூட இல்லை.