எத்தனை கிராம் என்று மட்டும் கேட்காதீர்கள்: கார்பன் துடுப்பு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனூ என்னும் ஒடுங்கிய படகுக்குத் துடுப்பு வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை கிராம்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. சாதாரண மரத்துடுப்பு 600, 700 கிராம் இருக்கும். நல்ல கார்பன் ஃபைபர் துடுப்பு 300 முதல் 400 கிராமுக்குள் அடங்கிவிடும். நிமிடத்துக்கு 50 முறை வலித்தால் ஒரு மணி நேரத்தில் 3,000 முறை. ஒவ்வொரு வலிப்பிலும் 300 கிராம் மிச்சமானால், மணிக்கு 900 கிலோ தூக்கும் வேலையிலிருந்து தோள் தப்பிக்கிறது. ஆனால் அந்த எடையைத் துடுப்பின் எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று கேட்பவர் அரிது. முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் படகு விடுகிறவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது.

அதற்கு முன்பே, பெட்டியைத் திறந்ததும் தெரியவரும் தவறு ஒன்று உண்டு: வேறு விளையாட்டின் துடுப்பு வந்து சேர்வது. கனூவுக்கு ஒரு முனையில் மட்டும் அலகும் (நீரைத் தள்ளும் தட்டையான பகுதி), மறுமுனையில் உள்ளங்கை பதியும் கைப்பிடியும் இருக்கும். இரு முனையிலும் அலகு இருந்தால் அது கயாக் துடுப்பு. நின்றுகொண்டு செலுத்தும் பலகைக்கான துடுப்பு பார்வைக்குக் கனூத் துடுப்பு போலவே இருக்கும், நீளம் மட்டும் ஆள் உயரத்தைத் தாண்டும். பலர் வரிசையாக உட்கார்ந்து வலிக்கும் டிராகன் படகின் துடுப்பு இன்னும் குழப்பும். நீளம் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் அலகின் அகலம் 18 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. கனூ அலகு பெரும்பாலும் 20 செ.மீ.யைத் தாண்டும். இணையக் கடைகளில் இவை எல்லாமே ஒரே தலைப்பின் கீழ் கிடக்கின்றன. அடையாற்றில் 1867 முதல் இயங்கும் மெட்ராஸ் போட் கிளப்பின் படகுகளில் நீங்கள் பார்ப்பதோ வேறு இனம்: அந்தத் துடுப்பு படகோடு பூட்டப்பட்டது, வலிப்பவர் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார்.

நீளத்தை உங்கள் உயரத்தை வைத்து முடிவு செய்வது அடுத்த பிழை. நீங்கள் உட்கார்ந்தபடி வலிக்கப் போகிறீர்கள். கால் நீளத்துக்கு இங்கே வேலை இல்லை. தட்டையான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கையிலிருந்து மூக்கு வரை அளந்தால் கைப்பிடி முதல் அலகின் கழுத்து (தண்டு அலகோடு சேரும் இடம்) வரையிலான நீளம் கிடைக்கும். வளைந்த தண்டு (அலகு தண்டோடு சற்றுச் சாய்ந்து சேரும் வடிவம்) என்றால் முகவாய் வரை போதும். மொத்தத்தில் வளைந்த தண்டுத் துடுப்பு 122 முதல் 132 செ.மீ., நேர்த்தண்டு 137 முதல் 152 செ.மீ. என்ற அளவில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். படகின் இருக்கை உயரமாக இருந்தால் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். நீளம் தப்பிய 300 கிராம் துடுப்பைவிட, அளவு சரியான 450 கிராம் துடுப்பு தோளுக்கு எவ்வளவோ நல்லது.

இப்போது, எடையை எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். மிக இலேசான துடுப்புகள் பந்தயத்துக்காகச் செய்யப்படுபவை. அவற்றில் அலகின் நடுவே நுரை, அதன் இருபுறமும் மெல்லிய கார்பன் துணி, ஓரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆழமான, சுத்தமான ஏரிக்கு அது போதும். நம் பக்கத்து உப்பங்கழிகள் அப்படிப்பட்டவையா? பழவேற்காடு ஏரியில் பெரும்பாலான இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இல்லை. முட்டுக்காட்டில் முகத்துவாரத்து மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பாலத்தூண்களிலும் கற்களிலும் சிப்பிகள் பிளேடு போல ஒட்டியிருக்கின்றன. படகு தரைதட்டியதும் எவருக்கும் கை தானாகச் செய்யும் காரியம், துடுப்பைச் சேற்றில் ஊன்றித் தள்ளுவது. மரம் அதைப் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய கார்பன் ஓரம் பொறுக்காது. அதுவும் மரம் போலச் சிராய்ந்து எச்சரிக்கை தராமல், உள்ளுக்குள் அடுக்கு விட்டுக்கொண்டு (கார்பன் அடுக்குகள் பிரிந்துகொண்டு), வெளியே பளபளவென்று இருக்கும். பிறகு ஒருநாள் நடுக்கழியில் முறியும்.

எனவே அலகின் ஓரத்தைச் சுற்றி அரமிட் இழையோ (கெவ்லார் போன்ற உறுதியான செயற்கை இழை) தடித்த ரெசின் பட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். அதனால் ஐம்பது கிராம் கூடினால் கூடட்டும். அலகும் நீண்டு ஒடுங்கியதாக இல்லாமல் குட்டையாக, அகலமாக இருக்கட்டும். ஆழமில்லாத நீரில் முழு அலகும் மூழ்கினால்தான் வலிப்பு பிடிக்கும். தரையில் ஊன்றித் தள்ளுவதற்கென்று பழைய மரத்துடுப்பு ஒன்று படகில் கிடக்கட்டும்.

கருப்பாக, கட்டம் கட்டமாகத் தெரிவதெல்லாம் கார்பன் அல்ல. கண்ணாடி இழைத் துடுப்பின் மேல் ஒரே ஒரு அடுக்கு கார்பன் போர்த்தி விற்பதுண்டு. அந்தக் கட்டத்தை அச்சடித்து ஒட்டி விற்பதும் உண்டு. முழு கார்பனா, எத்தனை சதவீதம், தண்டும் அலகும் இரண்டுமே அப்படியா என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் தராசு பதில் சொல்லும்.

வளைந்த தண்டு பற்றி ஒரு வார்த்தை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த யூஜின் ஜென்சன் பரப்பிய வடிவம் இது. வழக்கமாக 12 டிகிரி வளைவு இருக்கும். வலிப்பின் கடைசியில் அலகு நீரை மேலே அள்ளி வீணாக்காது. நீண்ட நேர்கோட்டு ஓட்டத்துக்கு அருமை. ஆனால் தனியாகப் படகு ஓட்டுபவர் பிற்பகல் கடற்காற்றில் படகைத் திருப்பிப் பிடிக்க நேர்த்தண்டுதான் கைகொடுக்கும். வளைந்த தண்டுத் துடுப்பில் அலகின் நுனி படகின் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு துடுப்பைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சென்னை வெயிலை மறந்துவிட்டு வாங்குவது பெரிய தவறு. கார்பன் இழைக்கு வெயில் ஒன்றும் செய்யாது. அதைப் பிணைத்திருக்கும் எபாக்சியைத்தான் புற ஊதாக் கதிர் அரிக்கும். அதனால் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மேற்பூச்சு அவசியம். சாதாரண வெப்பநிலையில் இறுகவைத்த எபாக்சி 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வரும். கருப்புத் துடுப்பைப் பின்சீட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பளபளப்பான தண்டு வியர்த்த கையில் வழுக்கும் என்பதால் மங்கலான மேற்பரப்பே நமக்கு உகந்தது. கழற்றி மாட்டும் துடுப்பு என்றால் இணைப்பைக் கவனியுங்கள்: உப்புநீரில் கார்பனோடு ஒட்டியிருக்கும் அலுமினியம் வேகமாக அரிபடும், ஒருநாள் கழற்றவே வராது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, பிரித்து வைக்க வேண்டும். கார்பன் மின்சாரத்தையும் கடத்தும். இடி கேட்டால் கரையேறிவிடுங்கள், கரையில் தாழ்ந்த மின்கம்பி இருந்தால் துடுப்பை நட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கணக்கில் விடுவது ஒன்று: கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் பருமனை வைத்தும் எடை போடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது வழக்கமான முறை. 140, 30, 12 என்ற பெட்டிக்கு அது 10 கிலோ. 350 கிராம் துடுப்புக்கு 10 கிலோ கட்டணம். சுங்க வரி தனி. இரண்டு துண்டாகக் கழலும் துடுப்பு இங்கே பணத்தை மிச்சப்படுத்தும்.

பெட்டி வந்ததும் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பிறகு நாணயம் ஒன்றால் அலகு முழுவதும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். எங்காவது மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்கு விட்டிருக்கலாம். தண்ணீர்த் தொட்டியில் சிறிது நேரம் போட்டும் பாருங்கள். மூழ்கினாலோ, எடுத்துக் குலுக்கும்போது தண்டுக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலோ, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.