புது டயர் போட்ட பிறகு 80-க்கு மேலே வண்டி நடுங்குகிறதா? நீங்களே கண்டுபிடிக்கலாம்

நாலு டயரும் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டு கடையை விட்டு வெளியே வருகிறோம். நாகர்கோவிலுக்குள் ஒரு குறையும் தெரியாது, வடசேரியிலிருந்து பார்வதிபுரம் வரைக்கும் நாற்பதைத் தாண்ட யார் விடுகிறார்கள்? மறுநாள் காவல்கிணறு தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறி, முள் 80, 85 என்று போகும்போதுதான் ஸ்டியரிங் கையில் கிடுகிடுவென நடுங்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. உடனே திரும்பப் போய் இன்னொரு தடவை அலைன்மென்ட் பார்த்தேன், அது தண்டச் செலவு.

சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்கிற கணக்குதான் அலைன்மென்ட். அது தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நேராகப் போகும்போதே ஸ்டியரிங் கோணலாக இருக்கும், நாளடைவில் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். நடுக்கம் பெரும்பாலும் அதனால் வருவதில்லை. சுற்றுகிற ஏதோ ஒன்று எடை சமமில்லாமல் அல்லது வட்டமில்லாமல் சுற்றுகிறது என்று அர்த்தம். சின்ன கார்களில் வரும் 165/80 ஆர் 14 டயர் 90 கி.மீ. வேகத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 13 சுற்று சுற்றும். ரிம் ஓரத்தில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது இரண்டு கிலோவுக்கு மேலான விசையில் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசிதான், அதனால்தான் டவுனுக்குள் தெரிவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

1. எப்போது, எங்கே நடுங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்து அவரை எழுதச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டே போனைத் தடவ வேண்டாம். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாப்ட்டின் ஜாயின்ட்டாக இருக்கலாம், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே ஆர்.பி.எம். வரை ரேஸ் பண்ணிப் பாருங்கள், அப்போதும் அதிர்ந்தால் எஞ்சின் பக்கக் கோளாறு.

முப்பந்தல் பக்கம் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஆடி மாசக் காற்றில் அங்கே நல்ல வண்டியே ஆடும்.

நடுக்கத்தோடு டக்டக்கென்று சத்தம் வந்தாலோ, நடுக்கம் திடீரென்று கூடினாலோ சோதனையெல்லாம் வேண்டாம். மெதுவாக ஓரங்கட்டி வீல் நட்டைப் பாருங்கள்.

2. கழற்றாமலே பார்க்க வேண்டியது

டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே காற்று பாருங்கள். அளவு டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் எங்காவது கொப்புளம் போல வீங்கியிருந்தால் அந்த டயரில் ஓடவே கூடாது. ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ஓரிடத்தில் ரிம்முக்குள் மறைந்தும் இன்னோரிடத்தில் வெளியே தெரிந்தும் இருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை.

பிறகு ரிம்மின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தின் எடையைச் சமப்படுத்த ஒட்டும் சின்ன உலோகத் துண்டுதான் ஒட்டு வெயிட். அது இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தால் அது எங்கோ ரோட்டில் விழுந்துவிட்டது. மழையில் ரப்பர் தோட்டத்து வழியாகப் போய் வந்திருந்தால் செம்மண் உள்ளே அப்பிக் காய்ந்திருக்கும், அதைக் கழுவினாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

3. முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றுங்கள்

சமதளம், ஹேண்ட் பிரேக், எதிர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஒரே பக்கத்து முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் நடுக்கம் சீட்டுக்குப் போனால் குற்றவாளி நீங்கள் மாற்றிய அந்தச் சக்கரம். மாறவில்லை என்றால் அடுத்த பக்கத்தை மாற்றுங்கள். ஸ்டெப்னியைப் போட்டும் சோதிக்கலாம், ஆனால் பல புது வண்டிகளில் ஸ்டெப்னி சின்ன அளவு, 80-க்கு மேல் போகாதே என்று அதிலேயே எழுதியிருக்கும்.

4. ஹப்பைத் துடையுங்கள்

என் கதை இங்கேதான் முடிந்தது. கடைக்காரர் என் கண்ணெதிரிலேயே, சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமா என்று பார்க்கும் பேலன்சிங் மெஷினில் சக்கரத்தைச் சுற்றிக் காட்டி, "அண்ணே, மெஷின்ல ஜீரோ காட்டுது, வேற என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வீட்டில் வந்து முன் இடது சக்கரத்தை நானே கழற்றினேன். ஹப், அதாவது வண்டியில் சக்கரத்தை வைத்து நட்டு போடும் பாகம், அதன் முகத்தில் நடு வளையத்தை ஒட்டி அப்பளம் மாதிரி துரு படர்ந்து, ஒரு பக்கம் மட்டும் பொருக்குத் தட்டி நின்றது. எங்கள் வீடு குளச்சல் பக்கம், உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடுமா? அந்தப் பொருக்கின் மேல் ரிம்மை வைத்து இறுக்கினால் சக்கரம் இம்மி சாய்ந்துதான் உட்காரும். மெஷினில் ஹப் கிடையாது, அதனால் அங்கே தெரியாது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டினேன், காபிப் பொடி போலக் கொட்டியது. ரிம்மின் பின்முகத்தையும் துடைத்து மாட்டினேன். மறுநாள் அதே ரோட்டில் 90-ல் ஸ்டியரிங் அசையவில்லை.

வெளியே வாங்கிய அலாய் வீல் என்றால் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் உண்டு, டயர் மாற்றும்போது கழன்று கடையிலேயே கிடக்கவும் வாய்ப்பிருக்கிறது, கேளுங்கள்.

நட்டு இறுக்கும்போது எதிரெதிராக, முதலில் கையால் எல்லாவற்றையும் முறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஏர் கன்னை வைத்து ஒரே நட்டை முதலில் முழுக்க இறுக்கினால் சக்கரம் கோணலாகவே மாட்டிக்கொள்ளும்.

5. இதற்கும் அடங்கவில்லை என்றால் பேலன்சிங்

மெஷின் பக்கத்திலேயே நில்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. மெஷினிலிருந்து ரிம்முக்கு உள்ள தூரம், ரிம் அகலம், விட்டம் என்று மூன்று அளவு அதில் கொடுக்க வேண்டும், முந்தின வண்டியின் அளவிலேயே ஓட்டிவிடுவதும் நடக்கும். பஞ்சருக்கு ஊற்றும் திரவம் உள்ளே இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது உள்ளே இடம் மாறிக்கொண்டே இருக்கும் வரை பேலன்ஸ் நிற்காது. வெயிட் வைத்து இரண்டு பக்கமும் ஜீரோ வந்த பிறகு, மெஷின் நட்டைத் தளர்த்தி சக்கரத்தை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்கி ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் ஜீரோவை ஒட்டியே வந்தால் நம்பலாம். பத்து, பதினைந்து கிராம் காட்டினால் மெஷினில் சக்கரம் நடுவில் உட்காரவே இல்லை, முதலிலிருந்து செய்ய வேண்டும். சக்கரம் சுற்றும்போது டயரின் மேல்பரப்பு குதிக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். குதித்தால் டயரை ரிம்மிலிருந்து கழற்றி அரைச் சுற்று திருப்பிப் போடலாம், அதற்கும் சரியாகாவிட்டால் டயர் வாரண்டியைக் கேளுங்கள்.

எந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும் 50, 100 கி.மீ. ஓட்டிய பிறகு நட்டுகளை இன்னொரு தடவை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.