கெய்ரோ இரும்புக் கவசப் படகை மாதிரியாகச் செய்வது எப்படி

கண்காட்சிக்குக் கப்பல் செய்யப் போகிற பிள்ளைகள் எல்லாரும் டைட்டானிக்கைத்தான் கேட்கிறார்கள். நான் யு.எஸ்.எஸ். கெய்ரோவைச் செய்யச் சொல்வேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புக்காக ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிக்கொடுத்த ஏழு ஆற்றுப் படகுகளில் ஒன்று; வரைபடம் சாமுவேல் பூக் போட்டது. வளைவு குறைவு, சாய்வுப் பலகை அதிகம். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கிற எனக்கு, அளவுகோலும் வாளும் வைத்தே முடிக்கக்கூடிய கப்பல் என்பதால் பிடிக்கும்.

நூறில் ஒரு பங்கு அளவு எடுங்கள். அசல் நீளம் 175 அடி, அகலம் 51 அடி 2 அங்குலம், நமக்கு 53.3 சென்டிமீற்றர், 15.6 சென்டிமீற்றர். தண்ணீருக்குள் இருப்பது 6 அடிதான், அதாவது 1.8 சென்டிமீற்றர். ஆழமில்லாத ஆற்றிலும் ஓட வேண்டும் என்றுதான் இப்படித் தட்டையாகக் கட்டினார்கள். அந்த நீர்மட்டக் கோட்டைப் பென்சிலால் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

உடலுக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை போதும். உள்ளே கூடாக இருக்கட்டும். உட்பக்கம் எனமல் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். மழைக்காலத்தில் எங்கள் மலையக நோர்வூட் பக்கம் பசை காயவே காயாது. அடுப்படிப் பரணில் ஒரு இரவு வைத்தால் சரி.

மேலே, பீரங்கிகளை மூடும் சாய்வான கூண்டு. முன்முகம் 45 பாகை சாய்வு. பீரங்கித் துளைகள் முன்னுக்கு 3, பக்கத்துக்கு 4, பின்னுக்கு 2, மொத்தம் 13. இவற்றை வரைந்துவிட்டுப் போகாமல் வெட்டியே எடுங்கள், பிறகு தேவைப்படும்.

கவசத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். படகு முழுக்க இரும்பு கிடையாது. முன்முகத்திலும், கொதிகலனும் இயந்திரமும் இருந்த நடுப்பகுதிப் பக்கங்களிலும் இரண்டரை அங்குலத் தகடு. நம் அளவில் 0.6 மில்லிமீற்றர், பிஸ்கட் பெட்டி அட்டை கணக்காகப் பொருந்தும். பின்பக்கமும் நீர்மட்டத்துக்குக் கீழும் வெறும் மரம். அதை மரமாகவே விடுங்கள், பெயின்டில் மறைக்க வேண்டாம்.

துடுப்புச் சக்கரம் 22 அடி விட்டம், 6.7 சென்டிமீற்றர். குண்டு படாமல் இருக்க பின்பக்கம் நடுவில், கூண்டுக்குள்ளே பதிந்திருக்க வேண்டும். இரட்டைப் புகைபோக்கிகளில் சாம்பல் நிறப் பட்டி. ஏழும் ஒரே சாயல் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

அப்புறம் தண்ணீரில் விட்டு, பென்சில் கோடு நனையும்வரை உள்ளே இரும்பு நட்டுகளைப் போடுங்கள். காசல்ரீ நீர்த்தேக்க ஓரத்தில் காற்று அடிக்கும், வீட்டு பேசினே நல்லது.

1862 டிசம்பர் 12 அன்று யாசூ ஆற்றில் கண்ணிவெடிகள் மரத்தாலான அடிப்பகுதியைக் கிழித்தன. சுமார் 12 நிமிடத்தில் படகு மூழ்கியது; ஒருவரும் சாகவில்லை. இதைக் காட்ட, முன்பக்க அடியில் சின்னத் துளை போட்டு நூல் கட்டிய தக்கையால் அடையுங்கள். நூலை இழுத்தால் தண்ணீர் ஏறும், காற்று பீரங்கித் துளை வழியே வெளியேறும். வேகமாக மூழ்கினால் துளையைச் சிறிதாக்குங்கள்.

எடுக்கும்போது கயிற்றில் தூக்காதீர்கள். 1964இல் அசலைக் கம்பிவடத்தில் தூக்கியபோது வடம் மரத்தை அறுத்து, கடைசியில் மூன்று துண்டாகத்தான் கரைக்கு வந்தது. பேசின் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.