பத்து மணிக்குள் முடியும் பறை: பெங்களூரில் ஒரு கிராஸில் (குறுக்குத் தெருவில்) இசை மாலை வைப்பதற்கு

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கத்துத் தெருக்களுக்குப் பறையும் மேளமும் புதிதல்ல. ஆனால் ஊரில் வைக்கிற மாதிரியே இங்கேயும் வைத்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று குளிர், இன்னொன்று கடிகாரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பொங்கல் சமயத்தில் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும், கூடவே பனி. ஏற்காடு, கொடைக்கானல் போய் அடித்துப் பழகிய குழுவுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மதுரைப் பக்கமிருந்து நேராக வந்து இறங்குகிற குழு முதல் அரை மணி நேரத்திலேயே தடுமாறும். எட்டு மணிக்குத்தான் வாத்தியம் சூடு பிடிக்கும், பத்துக்கு நிறுத்தியாக வேண்டும். ஆகவே எல்லா ஏற்பாட்டையும் பத்து மணியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

நாள் பார்ப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஜனவரி நல்லது: மழை கிடையாது, குளிரில் தளரும் பறைத் தோலைத் தீ பார்த்துக்கொள்ளும். ஆடியில் தூறல் விடாது, தோல் ஊறும். செப்டம்பர், அக்டோபர் சாயங்கால மழையை நம்பவே வேண்டாம். மார்ச்சில் வானம் வெளுத்திருக்கும், ஆனால் எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. பரீட்சை. படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து ஒரு போன் போனால் போதும், ஏழு மணிக்கே போலீஸ் ஜீப் வந்து நிற்கும். அந்தப் புகார் நியாயமானதும்கூட.

பர்மிஷன்

ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. “மைக் இல்லையே, வெறும் மேளம்தானே” என்று வாதாடிப் பயனில்லை. வாத்தியமும் அதே தடைக்குள் வருகிறது. மாநில அரசு வருஷத்துக்கு 15 நாளுக்கு மேற்படாமல் திருவிழா நாட்களில் 12 மணி வரை தளர்த்தலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அது அரசு அறிவிக்கிற நாள். ஸ்டேஷனில் பேசி வாங்குகிற சலுகை இல்லை.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டுக்கு 100 மீட்டருக்குள் என்றால் வேறு தெரு பாருங்கள்.

அனுமதி கேட்கும் கடிதத்தைக் கன்னடத்தில் எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். இங்கிலீஷ் கடிதத்தை வாங்க மாட்டார்கள் என்றில்லை, கன்னடத்தில் இருந்தால் மேசையில் கிடக்காமல் நகரும். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த மெயின் ரோட்டுக்கும் எந்தக் கிராஸுக்கும் நடுவே, சுமார் எத்தனை பேர், சவுண்ட் பாக்ஸ் எத்தனை, பொறுப்பாளர்கள் இரண்டு பேரின் போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கட்டும். முடியும் நேரம் என்று 9.45 போடுங்கள். பத்து வாரத்துக்கு முன்னால் கொடுத்தால் யாருக்கும் நினைவிருக்காது, மூன்று நாளைக்கு முன்னால் கொடுத்தால் கோபப்படுவார்கள். இரண்டு வாரம் சரியான இடைவெளி. ரோட்டை மறிப்பதானால் டிராஃபிக் போலீஸுக்குத் தனிக் கடிதம், பந்தல் போட மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குத் தனிக் கடிதம். கரண்டுக்கு மின்சாரக் கம்பெனியான பெஸ்காமிடம் தற்காலிக இணைப்பு கேளுங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டர். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது திருட்டு மட்டுமல்ல, ஈரத் தரையில் செருப்பில்லாமல் ஆடுகிறவர்களுக்கு ஆபத்து.

குழுவைப் பேசும்போது

30 அடி ரோட்டுக்கு ஆறு பறை தாராளம். பத்துப் பறை கேட்பது வீட்டுக்காரர்களின் கௌரவத்துக்கு, காதுக்கு இல்லை. நையாண்டி மேளம் என்றால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு என்று பேசுவார்கள். சம்பளம், வழிச்செலவு, சாப்பாடு, தங்கும் இடம் நான்கையும் தனித்தனியாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, குழுவின் வாத்தியாரிடம் “சரி” என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். “எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கலாம்ணே” என்று முடித்த பேச்சுதான் ராத்திரி பதினோரு மணிக்குச் சண்டையாகும். தெருவில் சாவு விழுந்தால் தேதி தள்ளிப்போகும், கொடுத்த அட்வான்ஸ் அடுத்த தேதிக்குச் செல்லும் என்பதையும் அப்போதே சேர்த்து எழுதுங்கள். கேட்கத் தயங்குவார்கள், ஆனால் நடக்கிற விஷயம்.

ஓசூர் 40 கிலோமீட்டர்தான். சாயங்கால ஓசூர் ரோட்டில் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இழுக்கும். மூன்று மணிக்குள் வந்து சேரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு டெம்போ டிராவலர் என்றால் கர்நாடகப் பெர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடமே கேளுங்கள், மாநில எல்லையான அத்திப்பள்ளியில் நிற்கும்போது கேட்டுப் பயனில்லை.

பறை அடிப்பவர்களை ஓரமாக உட்காரவைத்துப் பொட்டலம் கொடுப்பது, செருப்பைக் கழற்றச் சொல்வது, “ஒரு சாவு அடி அடிங்கப்பா, சும்மா ஜாலிக்கு” என்று கேட்பது எல்லாம் இன்னும் சில தெருக்களில் நடக்கிறது. உங்கள் தெருவில் நடக்கக் கூடாது. கமிட்டி சாப்பிடுகிற அதே பந்தியில், அதே நேரத்தில் அவர்களுக்கும் இலை போடுங்கள். என்ன அடி வேண்டும் என்பதை முன்கூட்டியே வாத்தியாரிடம் பேசுங்கள். ஊர்வலத்துக்குச் சப்பரத்து அடி, மேடைக்கு வாழ்த்தடி, பிள்ளைகள் ஆட சினிமா அடி என்று அவரே வரிசை சொல்லிவிடுவார்.

தோலும் தீயும்

பறையின் கட்டை என்பது மூன்று மரத்துண்டுகளைத் தகடு வைத்துச் சேர்த்த வளையம். மேலே மாட்டுத் தோல், ஒட்டியிருப்பது புளியங்கொட்டைப் பசை. தவிலுக்கு வார் இருக்கிறது, போல்ட் வைத்த தவிலும் வந்துவிட்டது, இழுத்துக்கொள்ளலாம். பறையில் முறுக்க எதுவும் கிடையாது. பனியில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்தால் தீயில் காட்டுவதுதான் வழி.

காய்ச்ச வைக்கோல்தான் வேண்டும். குபுகுபுவென எரிந்து அடங்குகிற தீ அது. பெங்களூரில் நெல் வைக்கோல் தேடி அலைய வேண்டாம். மாடு வைத்திருக்கும் பால்காரரிடம் கேழ்வரகுத் தாள் இருக்கும், அதுவும் வேலை செய்யும். ஒரு மாலைக்கு ஒரு பெரிய கோணி நிறைய வாங்கி, முதல் நாளே வெயிலில் காயவையுங்கள். பழைய நியூஸ்பேப்பர் ஒரு கட்டு கைக்காவலுக்கு. கரி வேண்டாம்: கங்கு ஒரே இடத்தில் சுட்டுத் தோலைப் பொரித்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றவே கூடாது.

தார் ரோட்டில் நேராகத் தீ மூட்டினால் தார் இளகிக் குழி விழும். சித்தாள்கள் தூக்கும் இரும்புச் சட்டி இரண்டு, அடியில் நாலு செங்கல். பந்தல் துணியிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி, பார்க் பண்ணிய பைக்குக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பக்கத்தில் இல்லாமல், தலைக்கு மேலே கேபிள் தொங்காத இடமாகப் பாருங்கள். மணல் ஒரு வாளி, தண்ணீர் இரண்டு வாளி, அதற்கென்று ஒரே வேலையாக நிற்கிற ஒரு ஆள்.

காய்ச்சுவதைக் குழு பார்த்துக்கொள்ளும். ஆனாலும் கமிட்டியில் ஒருவருக்குக் காது தெரிந்திருந்தால் நல்லது. தளர்ந்த பறையை நடுவிலே தட்டினால் “தொப்” என்று ஈரச் சாக்கைத் தட்டிய மாதிரி விழும். முகத்தைத் தீயை நோக்கிப் பிடித்து, ஒரு முழ உயரத்தில், நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நிமிஷத்தில் “தம்” என்று ஏறும். இரண்டு மூன்று நிமிஷத்தில் விரலால் சுண்டினாலே “டங்” என்று எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும். அங்கேயே நிறுத்த வேண்டும். “இன்னும் கொஞ்சம்” என்று வைத்தால் இரண்டில் ஒன்று: ஓரத்தில் பசை விட்டுப்போகும், இல்லை முதல் அடியிலேயே தோல் வெடிக்கும். வெடித்த தோலை அன்றைக்குச் சரி செய்ய முடியாது, ஆகவே ஆறு பேருக்கு ஏழு பறை கொண்டுவரச் சொல்லுங்கள். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் ஆளுக்கு ஒரு ஜோடி கூடுதல். மூங்கில் சிம்பில் எப்படியும் இரண்டு ஒடியும்.

குளிரில் இந்த “டங்” இருபது, முப்பது நிமிஷம்தான் நிற்கும். அதனால் ஆறு பேரையும் ஒரே நேரத்தில் நிறுத்தாதீர்கள். மூன்று பேர் அடிக்க, மூன்று பேர் காய்ச்ச, மாறி மாறிப் போனால் சத்தம் அறுபடாது. காய்ச்சிய பறையை வெறும் தரையில் வைக்கக் கூடாது, கம்பளியில் சுற்றி நாற்காலி மேல் வையுங்கள். அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் தீ மூட்டுவது கூடவே கூடாது, புகை அலாரம் அடித்து மொத்தக் கட்டடமும் இறங்கி வரும். அங்கே 500 வாட் ஹாலஜன் விளக்கு முன்னால் காட்டலாம், நேரம் பிடிக்கும். பிளாஸ்டிக் தோல் போட்ட பறையும் சில குழுவிடம் உண்டு. மழைக்கு ஆகும், காய்ச்ச வேண்டாம், ஆனால் அந்தச் சத்தத்தில் சதை இருக்காது.

நாதஸ்வரத்தையும் குளிர் விடாது. உள்ளே காற்று சூடாகும்வரை சுருதி இறங்கியே நிற்கும். பத்து நிமிஷம் ஊதிப் பார்க்க ஓர் அறை ஒதுக்குங்கள். அந்த அறைக்குள் மாமாக்கள் போய்ப் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

மைக்செட்

பறைக்கு மைக் வைக்கிறவரை மாற்றுங்கள். பக்கத்தில் நின்றால் நூறு டெசிபலைத் தொடுகிற வாத்தியம் அது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாக ஆறு டெசிபல் குறையும்: ஒரு மீட்டரில் 100 என்றால் நாலு மீட்டரில் 88, பதினாறு மீட்டரில் 76. இரண்டு பக்கமும் மூன்று மாடி நிற்கிற கிராஸில் அந்த அளவுக்கும் குறையாது, சுவர் திருப்பியடிக்கும். மைக் பாடகருக்கும் அறிவிப்பாளருக்கும்தான். பாடகரைப் பறையிலிருந்து 15, 20 அடி தள்ளி நிறுத்தி, மைக்கை உதட்டுக்கு இரண்டு விரற்கடையில் பிடிக்கச் சொல்லுங்கள். தள்ளிப் பிடித்தால் பாட்டுக்குப் பதில் பறைதான் பாக்ஸில் வரும். பாடகர் காலடியில் ஒரு மானிட்டர் கட்டாயம், தன் குரல் கேட்காதவர் கத்த ஆரம்பிப்பார், அடுத்தது சுருதி போகும். பாக்ஸ் இரண்டும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும், தெருவின் கோடியைப் பார்த்து வேண்டாம். மைக் பாக்ஸுக்கு முன்னால் போனால் ஊளையிடும். அறிவிப்பாளர் கூட்டத்துக்குள் இறங்கி நடக்கிற பழக்கம் உள்ளவர் என்றால் வயர்லெஸ் மைக் கொடுக்காதீர்கள்.

500 வாட் பாக்ஸ் இரண்டு, 100 வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு, மற்றது எல்லாம் சேர்த்து 2 கிலோவாட் வரும். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும். அதை எர்த் செய்து, அடுத்த கிராஸ் திருப்பத்தில் நிறுத்துங்கள்.

நேரம்

ஜனவரியில் ஆறே கால் வாக்கில் சூரியன் மறையும். ஐந்தே காலுக்கு முதல் காய்ச்சல், ஐந்தரைக்கு ஊர்வலம். ஊர்வலம்தான் அழைப்பிதழ். பக்கத்து மூன்று கிராஸையும் சுற்றி வந்தால் ஜன்னலில் நிற்கிறவர்கள் பின்னாலேயே இறங்கி வருவார்கள். ஆறரைக்குப் பிள்ளைகளின் கும்மி, கோலாட்டம். சிலம்பம் வைத்தால் நாலு பக்கமும் 20 அடி கயிறு கட்டுங்கள். கம்பு யாருக்கும் வழிவிடாது.

ஏழு மணிக்குக் கன்னடக்காரர் ஒருவர் வரவேற்புச் சொல்லட்டும், ஏரியாவில் தமட்டை அடிக்கிறவர்கள் இருந்தால் அவர்களையும் பறையோடு சேர்த்து நிறுத்துங்கள். தமட்டையும் பறையும் அண்ணன் தம்பி. தாளம் கலக்க ஐந்து நிமிஷம் போதும். தெருவே சேர்ந்து கேட்கிற கால் மணி நேரம் அதுதான்.

சொற்பொழிவுக்கு மொத்தம் 15 நிமிஷம். சால்வை போடுவதை எல்லாருக்கும் ஒரே தடவையில் முடியுங்கள். மைக் ஆன், ஆஃப் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும், அவர் யாருக்கும் மருமகனாக இருக்கக் கூடாது. குடித்துவிட்டுப் பறைக்காரர் கையிலிருந்து குச்சியைப் பிடுங்குகிற ஆள் எல்லாத் தெருவிலும் ஒருவர் உண்டு. அவரைத் தெரிந்த இரண்டு பேரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

9.15-க்கு கடைசிக் காய்ச்சல். 9.30-லிருந்து எல்லாரும் ஆடட்டும். 9.45-க்கு வாத்தியாருக்குக் கை காட்டுங்கள். “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று கேட்கிறவர் எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் பதில் கும்பிடுதான். சம்பளக் கவரை எண்ணி, சாப்பாட்டுக்கு முன்பே வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள். சாம்பலில் தண்ணீர் தெளித்துக் கிளறி, உள்ளே கங்கு இல்லை என்று பார்த்த பிறகு கோணியில் கட்டுங்கள். மழைநீர்க் கால்வாயில் தள்ளினால் காலையில் முதல் புகார் அதுதான்.