ஒன்ராறியோவில் முதல் கார்: ஹைப்ரிட் எடுக்கலாமா?

பெற்றோல் எஞ்சினோடு பற்றரியில் ஓடும் மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் கார், இலங்கையில் இருந்து வருகிறவர்களுக்குப் புதிது அல்ல. அக்வா, பிரியஸ், வெசல் என்று ஊரில் ஓட்டியிருப்பீர்கள், இல்லாவிட்டால் ஓட்டியவர்களின் கதையையாவது கேட்டிருப்பீர்கள். பெற்றோல் மிச்சம் என்ற புகழும், பற்றரி போனால் லட்சக்கணக்கில் போய்விடும் என்ற பயமும் சேர்ந்தே உங்களோடு விமானம் ஏறியிருக்கும். இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஊரில் பற்றரிக்கு எதிரி வெக்கை. அங்கே ஓடியவற்றில் பலவும் ஜப்பானில் சில வருடம் ஓடி முடித்து வந்தவை. இங்கே கணக்கைப் புரட்டிப் போடுபவை வேறு: குளிர், வீதியில் கொட்டும் உப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக இன்சூரன்ஸ்.

அதனால் காரைப் பார்க்கப் போகுமுன் இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள். புதிதாக வந்தவருக்கு இங்கே ஓட்டிய வரலாறு கிடையாது. மாதக் கட்டணத்தைக் கேட்டதும் தலை சுற்றும். அதைக் குறைக்க ஒரு நல்ல வழி லைசன்ஸ். இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் ஓட்டிய அனுபவம் இருந்தால், எழுத்துப் பரீட்சை முடித்தவுடன் நேரே முழு லைசன்ஸான ஜி ரோட் ரெஸ்ற்றுக்குப் போகலாம். ஜி1, ஜி2 என்ற முன்படிகளில் மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு ஊரில் லைசன்ஸ் தந்த திணைக்களத்தின் கடிதம் வேண்டும். வெறும் வாய்வார்த்தைக்கு முழு அனுபவத்தையும் ஏற்கமாட்டார்கள். இன்னும் ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்தால், கடிதத்தை எடுத்துக்கொண்டே ஏறுங்கள்.

குறிப்பிட்ட மொடலின் பெயரைச் சொல்லித்தான் விலை கேட்க வேண்டும். ஒன்ராறியோவில் கார்த் திருடர்களுக்குப் பிடித்த பட்டியலில் ரொயோட்டா ராவ்-4, ஹைலாண்டர், ஹொண்டா சி.ஆர்.வி, லெக்சஸ் ஆர்.எக்ஸ் எல்லாம் இடம்பிடித்தவை. ஹைப்ரிட்டாக நாம் ஆசைப்படுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்! சில நிறுவனங்கள் திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தச் சொல்கின்றன, இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் போடுகின்றன. இதோடு, ஹைப்ரிட்டின் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை அறுத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. வீதியோரத்தில் நிறுத்துபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, பெற்றோலில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்? ராவ்-4 போன்ற ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சாதாரண எஞ்சின் நூறு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 8 லீற்றர் குடிக்கும், ஹைப்ரிட் 6 லீற்றர். வருடத்துக்கு 20,000 கி.மீ. ஓடினால் 400 லீற்றர் மிச்சம். லீற்றர் ஒன்றரை டொலர் என்று வைத்தால் 600 டொலர். விலை வித்தியாசம் 3,000 டொலர் என்று வைத்தால், 13 சதவீத விற்பனை வரி (எச்.எஸ்.ரி) சேர்த்து 3,390. அதை மீட்கவே ஐந்து வருடத்துக்கு மேல் போகும், கடன் வட்டியைச் சேர்க்காமலே. இங்கே கடன் வரலாறு இல்லாத ஒருவருக்கு வட்டி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஊபர் ஓட்டுகிறவர், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர், நாளெல்லாம் ரொறன்ரோவில் ஸ்காபரோவுக்கும் நோர்த் யோர்க்குக்கும் இடையே வேலைக்கு அலைகிறவர் வருடத்துக்கு 40,000 கி.மீ. ஓடுவார். அவருக்கு அதே கணக்கு மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். ஃபின்ச், மார்க்கம் ரோட் சிக்னல்களில் நின்று நின்று போகிறபோதுதான் ஹைப்ரிட் தன் வேலையைக் காட்டும். பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் வீணாகும் சக்தியின் ஒரு பங்கை பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நிற்கும்போது எஞ்சின் பெரும்பாலும் அணைந்திருக்கும். 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாத நேரம் பார்த்து ஒரே வேகத்தில் ஒன்ராறியோவின் லண்டன், விண்ட்சர் என்று போகிறவருக்கு அந்த அளவு லாபம் இல்லை.

அப்புறம் குளிர். டீலர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். காருக்குள் சூடு வேண்டும் என்றால் பெரும்பாலான ஹைப்ரிட்டுகளில் எஞ்சின் ஓடியே ஆகவேண்டும். ஹீற்றருக்குச் சூடு வருவது எஞ்சினின் தண்ணீரிலிருந்துதான். ஜனவரிக் காலையில் பிள்ளையைப் பாடசாலையில் விட ஐந்து நிமிடம் போகிறீர்கள் என்றால், எஞ்சின் சூடாகி அணைவதற்குள் வீடு திரும்பிவிடுவீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கின்படி, வெளியே 25 பாகையிலிருந்து மைனஸ் 7க்குப் போகும்போது சாதாரண பெற்றோல் கார் ஒரு லீற்றரில் ஓடும் தூரம் நகருக்குள் ஏறக்குறைய 15 சதவீதம் குறைகிறது. ஹைப்ரிட்டில் 30 முதல் 34 சதவீதம். அப்போதும் மொத்தத்தில் ஹைப்ரிட்தான் குறைவாகக் குடிக்கும். ஆனால் ஜூலை மாதத்தில் திரையில் பார்த்த எண்ணை பெப்ரவரியில் எதிர்பார்த்து, கார் பழுது என்று கராஜுக்கு ஓடாதீர்கள்.

பற்றரிப் பயத்துக்கு வருவோம். புதிய கார் என்றால் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். ரொயோட்டா கனடா 2020 மொடல்களிலிருந்து ஹைப்ரிட் பற்றரிக்கு 10 வருடம் அல்லது 240,000 கி.மீ. வாரண்டி தருகிறது, ஹொண்டாவில் 8 வருடம் அல்லது 160,000. பழைய காரில்தான் கவனம் வேண்டும். பல மொடல்களில் பின்சீற்றின் கீழோ பக்கத்திலோ ஒரு சிறிய கம்பிவலை போட்ட துவாரம் இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கக் காற்று போவது அதன் வழியாகத்தான். பிள்ளைகள் போடும் மிட்டாய்த் தாளும், தமிழ்க்கடையில் இருந்து வரும் அரிசி மூட்டையும் அதை அடைத்துவிட்டால் பற்றரி சூடேறும். பழைய கார் பார்க்கப் போனால் முதலில் குனிந்து அந்தத் துவாரத்தைப் பாருங்கள். தூசியும் நாய்முடியும் அடைந்து கிடந்தால், பழைய சொந்தக்காரர் மற்றதையும் எப்படிப் பார்த்திருப்பார் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு இடம் காரின் அடி. 2019இல் வந்த ராவ்-4 ஹைப்ரிட் தலைமுறையில், பின்பக்க மோட்டாருக்குப் போகும் உயர் அழுத்தக் கேபிளின் இணைப்பில் உப்புநீர் புகுந்து துருப்பிடித்த பிரச்சினை கனடாவில் பெரிதாகப் பேசப்பட்டது. ரொயோட்டா அதற்கு வாரண்டியை நீட்டித்தது. அந்த வருடங்களின் வண்டி என்றால், காரின் அடையாள எண்ணான வின் இலக்கத்தைக் கொடுத்து டீலரிடம் விசாரியுங்கள். பிறேக்கையும் பார்க்க வேண்டும். மோட்டாரே வேகத்தைப் பாதி குறைத்துவிடுவதால் பிறேக் பாட் அதிகம் தேயாது; தேயாமல் கிடப்பதாலேயே உப்பில் துருவேறி இறுகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவாக்கி, நகரும் பாகங்களுக்குக் கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

ஆளிடம் நேரே வாங்கினால், காரின் பதிவு வரலாறு அடங்கிய யூஸ்ட் வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பக்கேஜை விற்பவர் தரவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். காரின் வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் அறிக்கையில் விபத்தும், காரின் பேரில் கடன் பாக்கியும் பாருங்கள். முந்தியவரின் கடன் தீராவிட்டால் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். டீலர் என்றால், ஒன்ராறியோவில் கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக்கில் பதிந்தவரா என்று பாருங்கள். பதிந்த டீலர் விளம்பரத்தில் போடும் விலையில், எச்.எஸ்.ரி, பதிவுச் செலவு தவிர மற்றதெல்லாம் அடங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்க இங்கே அவகாசம் கிடையாது. மாமாவோ சித்தப்பாவோ தெரிந்த ஆள் என்று கூட்டிப்போனாலும், பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுதலாக வாசித்தபின் கையெழுத்திடுங்கள்.

பிளக் போட்டுச் சார்ஜ் ஏற்றும் ப்ளக்-இன் ஹைப்ரிட் பற்றிச் சுருக்கமாக: பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்து, பார்க்கிங்கில் பிளக் இல்லை என்றால் வேண்டாம். சார்ஜ் ஏற்றாமல் ஓடினால், கனமான பற்றரியைச் சும்மா சுமந்துகொண்டு திரிவீர்கள். மத்திய அரசு 2019இல் தொடங்கிய மானியமும் இந்த வகைக்கும் முழு மின்சாரக் காருக்கும் கிடைத்தது, சாதாரண ஹைப்ரிட்டுக்கு இல்லை.

என்னைக் கேட்டால், வேலைக்காக நாளெல்லாம் நகருக்குள் ஓடுகிறவர் தயங்காமல் ஹைப்ரிட் எடுக்கலாம். மற்றவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு பழைய கொரோலா, சிவிக் போதும். இன்சூரன்ஸ் இறங்கி, கடன் வரலாறு கொஞ்சம் கட்டியபின் பார்க்கலாம். அப்போது கேள்வியே இல்லாமல் போகவும் கூடும். சியன்னா 2021இலிருந்தும் கம்றி 2025இலிருந்தும் ஹைப்ரிட்டாக மட்டுமே வருகின்றன. 2026 ராவ்-4உம் அப்படித்தான்.

எடுத்துவிட்டீர்கள் என்றால் ஒரு விஷயம். பெரிய பற்றரி இருந்தாலும், காரை உயிர்ப்பிப்பது ஒரு சிறிய 12 வோல்ற் பற்றரிதான். குளிர்காலத்தில் ஒரு மாதம் ஊருக்குப் போனால் அது இறங்கிவிடக்கூடும், ரிமோட்டுக்குக் கதவும் திறக்காது. போகுமுன் யாரிடமாவது சாவியைக் கொடுத்து, கிழமைக்கு ஒருமுறை "ரெடி" விளக்கு எரியவிட்டு அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் என்றால் வெளியே எடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.