லண்டன்ல யூதர்கள் நடத்துற க்ளாஸ், கச்சேரி, விழாவுக்கெல்லாம் நாம எப்படிப் போறது

இதைப் பத்தி யாருகிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற கேள்வி "அங்கல்லாம் நம்மள உள்ள விடுவாங்களா"ங்கறதுதான். தாராளமா விடுவாங்க. கோயில்ல நடக்குற பூஜை வேற, கோயில் மண்டபத்துல நடக்குற பட்டிமன்றம் வேற இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும். வழிபாடு ஒரு பக்கம் இருக்கட்டும், பெரியவங்களுக்குன்னு சாயங்கால வகுப்பு, சினிமா, கச்சேரி, சமையல், புத்தக விழான்னு இந்த ஊர்ல வருஷம் பூரா ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கு, அதுல முக்காவாசிக்கு டிக்கெட் எடுத்தா யார் வேணும்னாலும் போகலாம். நான் சும்மா பொழுது போகாம ஒரு புதன்கிழமை க்ளாஸுக்குப் போய் உட்கார்ந்தவன், அப்படியே மூணு வருஷம் ஓடிருச்சு.

ஹாரோ, வெம்ப்ளி பக்கம் இருக்கறவங்களுக்கு ரொம்ப ஈஸியான ஆரம்பம் ஃபின்ச்லி ரோடுல இருக்குற ஜேடபிள்யூ த்ரீ. மெட்ரோபாலிட்டன் லைன்ல ஏறினா நேரா ஃபின்ச்லி ரோடு ஸ்டேஷன், அங்கேர்ந்து நடக்குற தூரம்தான். 2013ல திறந்தாங்க, நியூயார்க்ல இருக்குற யூத சமூக சென்டரைப் பாத்துட்டு வந்து அதே மாதிரி இங்கயும் வேணும்னு கட்டினது. அந்த ஏரியா போஸ்ட்கோடு என்டபிள்யூ த்ரீ, அதுல முதல் எழுத்தை மாத்திட்டு பேர் வெச்சுட்டாங்க. உள்ள தியேட்டர் இருக்கு, ஹீப்ரு க்ளாஸ் இருக்கு, சமையல் க்ளாஸ் இருக்கு.

ஒரே இடம்னு இல்லாம சுத்திப் பாக்கணும்னா காலண்டரைப் பிடிச்சுக்கங்க. பிப்ரவரி கடைசி, மார்ச் பக்கம் ஜூயிஷ் புக் வீக், 1952லேர்ந்து நடக்குது. நவம்பர்ல யூத சினிமா விழா, அது 1997ல ஆரம்பிச்சது. ஓவியம் பிடிக்கும்னா செயின்ட் ஜான்ஸ் வுட் பக்கம் பென் யூரி காலரி, 1915ல ஒயிட்சேப்பல்ல குடியேறி வந்த ஓவியர்களுக்கு வேற எங்கயும் இடம் கிடைக்காத காலத்துல ஆரம்பிச்சது, இப்போ எல்லா நாட்டுலேர்ந்தும் வந்த கலைஞர்களோட வேலையையும் காட்டுறாங்க (திறந்திருக்குற நாளை சைட்ல பாத்துட்டு கெளம்புங்க). ரஸ்ஸல் ஸ்கொயர்ல வீனர் ஹோலோகாஸ்ட் லைப்ரரி, 1933ல ஆம்ஸ்டர்டாம்ல நாஜிகளைப் பத்தி ஆதாரம் சேக்க ஆரம்பிச்சு 1939ல லண்டனுக்கு வந்த கலெக்ஷன், கண்காட்சி இலவசம். அங்க போனா அன்னிக்கு வேற ப்ளான் எதுவும் வெச்சுக்காதீங்க, வெளிய வந்து ஜாலியா பீட்சா சாப்பிடற மூடு வராது.

இப்போ நேரம். இதுலதான் நம்மாளுங்க நிறைய பேர் கோட்டை விடுறது. அவங்க கணக்குப்படி நாள்ங்கறது சூரியன் மறையறப்போ ஆரம்பிக்குது, அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும் ஷபாத், அவங்களோட வாராந்திர ஓய்வு நாள். வெள்ளி சாயங்காலம் போன் பண்ணி டிக்கெட் கேட்டா எடுக்க ஆளிருக்காது. சனிக்கிழமை ராத்திரி கச்சேரின்னு போட்டிருந்தா ஆரம்பிக்கற டைமை நல்லா பாருங்க, டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் ஷபாத் முடிஞ்சிரும், ஜூன்ல ராத்திரி பத்து தாண்டிரும். செப்டம்பர் அக்டோபர்ல அவங்க புது வருஷத்துலேர்ந்து வரிசையா பண்டிகை வரும், அந்த மூணு வாரம் ரெகுலர் க்ளாஸ் எதையும் எதிர்பாக்காதீங்க.

வாசல்ல செக்யூரிட்டி இருக்கும். பெரும்பாலான இடத்துல பையைத் திறந்து பாப்பாங்க, பேர் கேப்பாங்க. முகம் சுளிக்காதீங்க, அவங்களுக்கு அதுக்குக் காரணம் இருக்கு, வர்ற எல்லாருக்கும் அதே செக்கிங்தான். முன்னாடியே ஆன்லைன்ல உங்க சொந்தப் பேர்ல புக் பண்ணுங்க, ஐடி ஒண்ணு வெச்சுக்கங்க, பத்து நிமிஷம் முன்னாடி போங்க. கேட்டு முன்னாடி நின்னு செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு எதுவும் கொண்டு போகாதீங்க. இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. முதல் டெர்ம் கடைசி க்ளாஸுக்கு அம்மா ஊர்லேர்ந்து குடுத்துவிட்ட முறுக்கை டப்பா நெறைய எடுத்துட்டுப் போனேன், வெஜிடேரியன்தானே யாருக்கு என்ன பிரச்சனைன்னு. கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடக்குற கிச்சன்ல வெளி சாப்பாடு உள்ள வரவே கூடாது, வறுத்த எண்ணெய், வறுத்த சட்டி எல்லாமே கணக்கு. டீச்சர் ரொம்ப அழகா வாங்கி ரிசப்ஷன்ல வெச்சுட்டு, போறப்போ திருப்பிக் குடுத்தாங்க. க்ளாஸ்ல ரெண்டு பேர் ஸ்டேஷனுக்கு நடந்து போறப்போ ரோட்டுல நின்னு எங்கிட்ட வாங்கி சாப்பிட்டாங்க, அது வேற கதை. நம்ம சைவக்காரங்களுக்கு இன்னொரு விஷயம்: பால் ஐட்டமும் கறியும் சேக்க மாட்டாங்க, ரெண்டுலயும் சேராததை பரேவ்னு சொல்வாங்க. பரேவ்னு போட்டிருந்தா சைவம்னு அர்த்தம் இல்ல, முட்டையும் மீனும் கூட பரேவ்தான். கேட்டுட்டு வாயில வைங்க.

சினகாக்னா அவங்க வழிபாட்டு இடம், அதுக்குள்ள நடக்குற நிகழ்ச்சின்னா கொஞ்சம் மரியாதையான ட்ரெஸ், ஆம்பளைங்க தலையில கிப்பாங்கற சின்னத் தொப்பி, வாசல்லயே வெச்சிருப்பாங்க, திரும்பி வர்றப்போ மறந்து பாக்கெட்ல போட்டுட்டு வந்துராதீங்க. சிட்டியில பெவிஸ் மார்க்ஸ்னு 1701ல கட்டின சினகாக் இருக்கு, பெரிய பித்தளை தொங்கு விளக்குகளோட, அதுல மெழுகுவத்தி ஏத்தி கச்சேரி நடந்தா விட்ராதீங்க. ரொம்ப ஆசாரமானவங்க எதிர்பாலாரோட கை குலுக்க மாட்டாங்க, நீங்களா கையை நீட்டாம நெஞ்சுல கை வெச்சு தலையாட்டினா போதும், வணக்கம் போட்டுப் பழகின நமக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல. அப்புறம் அறிமுகமான அஞ்சாவது நிமிஷம் இஸ்ரேல் அரசியலை இழுக்காதீங்க. அவங்களே தங்களுக்குள்ள மணிக்கணக்கா அடிச்சுக்கற விஷயம் அது, உங்களை லண்டன்ல யாராச்சும் பாத்தவுடனே உங்க ஊர் அரசியலுக்கு ஜவாப் கேட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கங்க.

சரி, எந்த க்ளாஸ். கச்சேரி, ஹல்லா ரொட்டி பின்றது, இதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் (ஆறு பிரி போட்டு ரொட்டி பின்றதுல தலை பின்னிப் பழகின அம்மாக்கள் எல்லாரும் பாஸ், நான் ஃபெயில்). ஆனா நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு தடவையாவது ஹவ்ரூத்தான்னு போட்டிருக்குற செஷனுக்குப் போங்க. லெக்சர் மாதிரி ஒருத்தர் பேச மத்தவங்க தூங்கறது இல்ல இது. டீச்சர் பத்து நிமிஷம் பேசிட்டு கையில ஒரு தாளைக் குடுத்துருவாங்க, ஒரு பக்கம் ஹீப்ருவோ அராமிக்கோ, இன்னொரு பக்கம் இங்கிலீஷ். பக்கத்துல இருக்கறவங்களோட ஜோடி சேந்து சத்தமா படிச்சு வரிக்கு வரி சண்டை போடணும், அதுதான் பாடம். ரூம் முழுக்க ஒரே நேரத்துல நடக்கும், மீன் மார்க்கெட் தோத்துச்சு போங்க. முதல் தடவை நான் மெதுவா மனசுக்குள்ள படிச்சுட்டிருந்தேன், எங்கூட ஜோடி சேந்த எழுபது வயசு அம்மா டேபிளைத் தட்டி "சத்தமா"ன்னாங்க.

அன்னிக்கு வந்த கதை தல்மூத்ல, அதாவது யூதச் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய நூல்ல, ரொம்பப் பிரபலமானது, அக்னாய் அடுப்பு. ஒரு அடுப்பு சுத்தமா தீட்டான்னு வழக்கு. ரபின்னா யூத மத அறிஞர், ரபி எலியேசர் ஒருத்தர் மட்டும் சுத்தம்ங்கறார், மத்தவங்க எல்லாரும் தீட்டுங்கறாங்க. நான் சொல்றது சரின்னா அந்த மரம் நகரட்டும்னு எலியேசர் சொன்னா மரம் நகருது, வாய்க்கால் பின்னாடி ஓடுது, சுவர் சாயுது, கடைசியில வானத்துலேர்ந்து அசரீரியே வந்து எலியேசர் சொல்றதுதான் சரின்னு சொல்லுது. உடனே இன்னொரு ரபி எழுந்து நின்னு சட்டம் வானத்துல இல்லன்னுட்டார், அதாவது சட்டத்தை எங்ககிட்ட குடுத்தாச்சு, இனிமே மெஜாரிட்டிதான், நீ தலையிடாதேன்னு. கடவுள் சிரிச்சுட்டு என் பிள்ளைங்க என்னை ஜெயிச்சுட்டாங்கன்னு சொன்னதா கதை போகுது.

எனக்குச் சட்டுனு நக்கீரர் வந்து நின்னார். சிவனே வந்து நெத்திக்கண்ணைத் திறந்தாலும் பாட்டுல குத்தம் குத்தம்தான்னு நின்ன ஆளு, சின்ன வயசுலேர்ந்து கேட்ட கதை, நான் ஆர்வமா அந்தம்மாகிட்ட முழுசா சொல்லி முடிச்சேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி: "அதுக்கப்புறம் அந்தப் புலவர் என்ன ஆனார்?" சூடு தாங்காம பொற்றாமரைக் குளத்துல விழுந்தார்னேன். தாளைத் திருப்புங்கன்னாங்க. பின்னாடி அந்த அடுப்புக் கதையோட மீதி இருந்துச்சு, தோத்த எலியேசரை எல்லாரும் சேந்து ஒதுக்கி வெச்சுடறாங்க, அவர் தரையில உக்காந்து அழறார், அந்தக் கண்ணீர்ல உலகத்து விளைச்சல்ல மூணுல ஒரு பங்கு அழிஞ்சு போகுது. வாதத்துல ஜெயிக்கறதோட நிறுத்தி கைத்தட்டிட்டு எழுந்து போயிடறோமே, தோத்தவனை எப்படி நடத்தினோம்ங்கற கேள்வியை அந்த மீதிக் கதைதான் கேக்குது. முப்பது வருஷமா தெரிஞ்ச நக்கீரர் கதையில அந்தப் பக்கத்தை நான் யோசிச்சதே இல்ல.

போறதுக்கு முன்னாடி வீட்டுல தயார் பண்ணணும்னா செஃபாரியான்னு ஒரு இலவச சைட் இருக்கு, மூலமும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் பக்கத்துல பக்கத்துல. அச்சுப் புத்தகத்துல தல்மூத் பக்கத்தைப் பாத்தா பயந்துராதீங்க, நடுவுல மூலம், ஒரு பக்கம் ராஷிங்கறவரோட உரை, இன்னொரு பக்கம் தோசஃபோத்ங்கற வேற உரை, குறளை நடுவுல வெச்சு பரிமேலழகரையும் மணக்குடவரையும் ரெண்டு பக்கமும் அச்சடிச்ச மாதிரி. ஹீப்ரு எழுத்து தெரியலன்னா பாதகமில்ல, ஆனா ரெண்டு மாசம் க்ளாஸ் போனா எழுத்து கூட்ட வந்துரும், அப்போ பைபிள்ல இராஜாக்கள் புத்தகத்துல சாலமனோட கப்பல் கொண்டு வந்த மயிலுக்கு இருக்குற சொல்லை நீங்களே வாசிக்கலாம், துக்கி. நம்ம தோகையிலேர்ந்து போனதுன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளா சொல்றது. இப்போதைய ஹீப்ருல அதுக்கு அர்த்தம் கிளி, கடல் தாண்டினதுல பறவை மாறிருச்சு.

க்ளாஸ் பிடிச்சுப் போச்சுன்னா அடுத்தது லிம்மூத்ங்கற படிப்பு விழா. 1980ல இங்க பிரிட்டன்ல ஒரு சின்னக் கூட்டமா ஆரம்பிச்சது, இப்போ பல நாட்டுல நடக்குது. பெரிய விழா டிசம்பர் கடைசியில, கிறிஸ்மஸ் லீவுல, சமீப வருஷமா பர்மிங்காம் பக்கம். நடத்தறது முழுக்க வாலண்டியர்கள், பேச வர்றவங்களுக்குச் சம்பளம் இல்ல, பேட்ஜ்ல டாக்டர், ப்ரொஃபசர், ரபி எதுவும் போட மாட்டாங்க, வெறும் பேர்தான். ஒரே மணி நேரத்துல பத்துப் பதினஞ்சு செஷன் ஓடும், அதனால புரோகிராமைப் பாத்து ஒரு நாளைக்கு மூணு மட்டும் டிக் பண்ணிக்கங்க, எல்லாத்தையும் பாத்துருவேன்னு ஓடினா காலும் தலையும் வலிக்கும். பர்ஸ் இடிச்சா முதல்ல உள்ளூர்ல நடக்குற ஒரு நாள் லிம்மூத் போங்க.

இன்னொண்ணு ஷவூஓத் ராத்திரி, மே ஜூன்ல வரும். சீனாய் மலையில வேதம் கிடைச்ச நாள், அன்னிக்குக் காலையில ஜனங்க எல்லாம் அசந்து தூங்கிட்டாங்களாம், அதுக்குப் பரிகாரமா இவங்க விடிய விடிய முழிச்சு படிக்கறாங்க, நம்ம சிவராத்திரி மாதிரி, ஆனா பட்டினி கிடையாது, சீஸ்கேக் தட்டு தட்டா வரும். சில சினகாக்ல வெளியாட்களும் வரலாம், முன்னாடியே மெயில் போட்டுக் கேளுங்க. ஆசாரமான இடமா இருந்தா அன்னிக்கு எழுதறது, போன் பாக்கறது ரெண்டும் கூடாது, நோட்ஸ் எடுக்கப் பேனாவைத் தூக்காதீங்க. போனை ஆஃப் பண்ணிட்டா ஊபர் கூப்பிட முடியாது, அதனால நைட் பஸ் நம்பரை கெளம்பறதுக்கு முன்னாடியே மனப்பாடம் பண்ணிக்கங்க, ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துக்கங்க, மூணு மணிக்கு மேல ஹால்ல குளிரும்.