நாய்க் காப்பகத்தில் கொல்லாமையை நடைமுறைப்படுத்துவது எப்படி

தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை இலங்கை அரசு 2006 ஆம் ஆண்டிலிருந்து கடைப்பிடித்து வருகிறது. எனினும் விசர்நாய் நோய் பற்றிய 1893 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. கட்டாக்காலி நாய்களைப் பிடித்து அழிக்கும் அதிகாரம் ஏட்டில் இருந்துகொண்டேயிருப்பதால், ஓர் ஊரில் நாய்க்கடி கூடும்போதெல்லாம் பழைய கோரிக்கை மறுபடியும் எழுகிறது. யாழ்ப்பாணத்தில் காப்பகம் நடத்துபவர்களும் அதற்குத் தோள் கொடுப்பவர்களும் இதை மனத்தில் வைத்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் 'கொல்லாமை' என்பதன் பொருளை எழுத்தில் வரையறுத்துக்கொள்ளுங்கள். நலமாக உள்ள நாயும், சிகிச்சையால் தேறக்கூடிய நாயும் இடமில்லை, பணமில்லை என்ற காரணத்துக்காகக் கொல்லப்படக் கூடாது. தேறவே முடியாத வேதனையில் கிடக்கும் நாயைக் கால்நடை வைத்தியர் பரிசோதித்து, காரணத்தை எழுதிக் கையொப்பமிட்ட பின்னர் வலியின்றி இறக்கச் செய்வது இந்த வரையறைக்கு முரணானதன்று. அமெரிக்காவில் இவ்வழியில் செல்லும் காப்பகங்கள், உள்ளே வரும் 100 விலங்குகளில் 90 ஆவது உயிரோடு வெளியேற வேண்டும் என்பதை அளவுகோலாகக் கொள்கின்றன.

அந்தக் கணக்கைப் பார்க்க ஒரு பதிவேடு வேண்டும். வந்த திகதி, வந்த இடம், கடுவனா பெட்டையா, வயது, போட்ட ஊசி, வெளியேறிய விதம் ஆகியவற்றை ஒவ்வொரு நாய்க்கும் எழுதுங்கள். கூட்டுக்குள் தானாகச் செத்தவற்றையும் மறைக்காமல் அதே ஏட்டில் சேருங்கள். வாசலில் பலகையைத் தொங்கவிட்டு, உள்ளே பார்வோ வைரஸ் பரவிய கூட்டில் குட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாகவிடும் இடத்தைக் கொல்லாக் காப்பகம் என்று என்னால் ஏற்க முடியாது. புதிதாக வரும் நாயைத் தனியே வைத்து ஊசி போடுவதற்கும், வேலையாட்களால் கவனிக்க இயலும் எண்ணிக்கைக்கு மேல் எடுக்காமல் இருப்பதற்கும் உரிய மனவுறுதி இந்த ஏட்டைத் தொடர்ந்து படிப்பதால்தான் வரும்.

சில மாதங்கள் எழுதினால் அந்த ஏடே ஒன்றைச் சொல்லும்: வருபவற்றில் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். விடியற்காலையில் படலையடியில் ஓர் உரப்பை கிடக்கும், அவிழ்த்தால் கண் திறந்து சில நாட்களேயான நான்கைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளியும், எல்லாம் பெட்டை. கடுவன்களை அயலவர்கள் முன்னரே வாங்கிப் போயிருப்பார்கள். பையோடு வருபவரை நேரில் கண்டால் ஏசி அனுப்பாதீர்கள். ஏசினால் அவர் அடுத்த ஈற்றைச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டுப் போவார். "தாய் நாய் எங்க நிக்குது, அக்கா?" என்று கேளுங்கள். "வீட்டிலதான் நிக்குது" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். குட்டிகள் பால் மறக்கும் வரை தாயோடு அங்கேயே இருக்கட்டும், உணவுக்கு உதவுகிறோம், ஊசியும் போட்டுத் தருகிறோம், பிறகு தாய்க்குக் கருத்தடை செய்துவிடுகிறோம் என்று சொல்லி, சத்திரசிகிச்சைக்கான திகதியையும் அப்போதே குறித்துக் கொடுங்கள். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்; பல பெட்டைகள் ஒரு வயதுக்குள்ளேயே சினைப்படுகின்றன. ஆகவே அந்த ஒரு தாயை விட்டுவிட்டால் அதே வீட்டிலிருந்து மீண்டும் மீண்டும் உரப்பை வரும். புலம்பெயர்ந்த உறவுகள் பணம் அனுப்பும்போது புதிய கூடுகள் கட்டும்படி கேட்பது வழக்கம். அந்தப் பணத்தில் முதற்பங்கைக் கருத்தடைக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வளர்ப்புக்குக் கொடுப்பதிலும் கருத்தடையே உதவுகிறது. பெட்டை நாய் வேண்டாம் என்பவர்கள் பொதுவாக இரண்டைச் சொல்கிறார்கள்: பருவத்தில் கடுவன்கள் வேலியடியில் கூடும், குட்டிகளை யார் பார்ப்பது. கருத்தடை செய்து, காதில் அடையாளமிட்டு, ஊசி அட்டையோடு கொடுக்கும்போது அவ்விரண்டும் இல்லாமற் போகின்றன. ஒழுங்கைக்கொரு வைரவர் கோயில் வைத்து, நாயை அவருடைய வாகனமாக வணங்கும் ஊரில் இதைப் பேசுவது கடினமாக இருக்கக் கூடாது. கொடுக்குமுன் வீட்டைப் போய்ப் பாருங்கள். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி வைக்கும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். வெளிநாடு செல்லும் குடும்பங்கள் பயணத்துக்கு முதல்நாள் நாயைக் கொண்டுவராமல், விசா கிடைத்தவுடனேயே அறிவிக்கும்படி கேட்டு வைத்தால், புதிய வீடு தேட அவகாசம் கிடைக்கும்.

மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ பேசச் செல்லும்போது இரக்கத்தை மட்டும் முன்வைத்தால் போதாது. அங்கிருப்பவர்களின் அச்சம் நியாயமானது. விசர்நாய்க்கடியின் அறிகுறிகள் தோன்றிய பிறகு மனிதர் பிழைப்பது மிக அரிது. இலங்கையில் 1973 இல் 377 பேர் அந்நோயால் இறந்தனர். இப்போது அந்த எண்ணிக்கை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்திருப்பதற்கு நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் போடப்பட்ட தடுப்பூசியே பெருங்காரணம். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஊசி போட்ட நாய்களைக் கொன்றால், திருநெல்வேலிச் சந்தைக் கழிவையும் சுன்னாகத்து இறைச்சிக் கடைக் கழிவையும் தேடி ஊசி போடாத புதிய நாய்கள் அந்த இடத்துக்கு வரும். இதை விளக்கிவிட்டு, மூன்றைக் கேளுங்கள்: கழிவை மூடி அகற்றுதல், கருத்தடை முகாமுக்கு மண்டபமும் வாகனமும், கருத்தடையும் ஊசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே மீண்டும் விடுவதற்கான எழுத்து மூல இணக்கம். அரச கால்நடை வைத்தியரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அந்தக் கூட்டத்துக்கு முன்னரே சந்தித்து விடுங்கள். அவர்கள் அறியாமல் நிறைவேறும் தீர்மானம் நடைமுறைக்கு வராது.

கடித்த நாய் காப்பகத்துக்கு வந்தால், அதைத் தனிக்கூட்டில் குறைந்தது 10 நாட்கள், வைத்தியர் கூடுதலாகச் சொன்னால் அதுவரை, கண்காணிப்பில் வைத்திருங்கள். கடிபட்டவர் அந்த நாட்கள் முடியும்வரை காத்திராமல், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கூட்டின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.